கிரனாடாவில் ஒரு மீட்டர் கம்பு

மார்ச் 17, ஞாயிறு

விடியுமுன்னே டோருனில் ரயில் பிடித்தோம். வார்சாவில் விமானம் ஏறி ஸ்பெயினில் மாலகா, அங்கிருந்து பேருந்தில் கிரனாடா. வழியெல்லாம் ஆலிவ் தோப்பு. குன்று முடிந்து குன்று வந்தாலும் மரங்களின் வரிசை மட்டும் முடியவில்லை. ஊர் நெருங்கும்போது சியெர்ரா நெவாடா மலை வெள்ளையாகத் தெரிந்தது. போலந்துப் பிள்ளைகளுக்குப் பனி புதிதல்ல. ஆனாலும் கீழே ஆரஞ்சு மரமும் மேலே பனியுமாக ஒரே பார்வையில் கண்டதும் பேருந்தில் எல்லாரும் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டார்கள்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக: நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. கல்யாணமாகி வந்த ஊர் போலந்தின் டோருன், கோப்பர்நிக்கஸ் 1473 இல் பிறந்த ஊர். இங்கே ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஆங்கிலத்தில் கணிதம் நடத்துகிறேன். பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள். எங்கள் வகுப்பும் கிரனாடாவில் ஒரு பள்ளியின் வகுப்பும் இலையுதிர்காலத்திலிருந்து இணையம் வழியாகச் சேர்ந்து கணக்குப் போட்டு வருகின்றன. வகுப்பில் பாதிப் பேர் இப்போது என்னோடு வந்திருக்கிறார்கள். மீதிப் பேர் டோருனில் இருக்கிறார்கள். அவர்கள் அங்கே இருப்பதுதான் திட்டமே. காரணம் கீழே.

ஐரோப்பாவில் இதற்கென்றே இ-ட்வின்னிங் என்று ஒரு ஏற்பாடு உண்டு. ஐரோப்பிய ஆணையம் 2005 இல் தொடங்கியது. வெவ்வேறு நாட்டு ஆசிரியர்கள் ஒருவரையொருவர் தேடிப் பிடித்து, தங்கள் பிள்ளைகளை ஒரே வேலையில் இறக்கலாம். நேரில் போய் வருவதற்கு எராஸ்மஸ் பிளஸ் என்ற ஐரோப்பிய ஒன்றியத் திட்டத்தின் நிதி கிடைக்கும். பாடத்தையும் அயல்மொழியையும் சேர்த்துக் கற்பிக்கும் முறைக்கு 1994 முதல் கிளில் என்று பெயர். இந்த மூன்றும் சந்திக்கும் இடத்தில்தான் என் வேலை நடக்கிறது.

இப்படிப்பட்ட கூட்டு வேலைகள் நிறையப் பார்த்திருக்கிறேன். கொடி வரைவார்கள், தங்கள் ஊர்ப் பலகாரத்தைப் பற்றிப் பத்து படம் காட்டுவார்கள், கடைசியில் ஒரு பை விளக்கப்படம் சேர்த்து ‘கணிதம்’ என்று எழுதிவிடுவார்கள். பிள்ளைகள் சந்தோஷமாக இருப்பார்கள், அதில் குறையில்லை. ஆனால் எனக்கு ஒரு கேள்வி உண்டு. அடுத்த பள்ளி இல்லாமலே இந்தக் கணக்கு முடியுமா? முடியுமென்றால் அது வாழ்த்து அட்டை மாற்றிக்கொள்வது போலத்தான். அங்கே ஆங்கிலமும் அலங்காரத்துக்குத்தான் நிற்கும், கணிதமும் அப்படியே.

அதனால்தான் எரட்டோஸ்தனிசைப் பிடித்துக்கொண்டோம். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நூலகத்தில் இருந்தவர். தெற்கே சையீனியில், இன்றைய அஸ்வானில், கோடைத் திருப்பத்து நண்பகலில் கிணற்றின் அடிவரை வெயில் விழும் என்று அவருக்குத் தெரியும். அதே நேரத்தில் அலெக்சாந்திரியாவில் சூரியன் உச்சியிலிருந்து வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 7.2 பாகை, சாய்ந்திருந்தது. இரண்டு ஊருக்கும் இடைப்பட்ட தூரம் 5,000 ஸ்டேடியா (அந்தக் காலத்துத் தூர அளவு). ஐம்பதால் பெருக்கினார், பூமியின் சுற்றளவு வந்துவிட்டது. அவர் எவ்வளவு பெரிய அறிஞராக இருந்தாலும் சையீனியிலிருந்து சேதி வராமல் அந்தக் கணக்கு நகர்ந்திருக்காது. எனக்கு வேண்டியது அதுதான்.

புதன்கிழமை இரவும் பகலும் சமமாகும் நாள். கிரனாடாவில் ஒரு மீட்டர் கம்பு, டோருனில் ஒரு மீட்டர் கம்பு. அவரவர் நண்பகலில் நிழலை அளக்க வேண்டும்.

மார்ச் 18, திங்கள்

இங்கே பிள்ளைகள் ‘டீச்சர், டீச்சர்’ என்று கூப்பிடுகிறார்கள். ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பில் ஸ்பெயின் பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். காதில் விழுந்ததும் நம்மூர்ப் பள்ளி வராந்தாவில் நிற்கிற மாதிரி இருந்தது.

கிரனாடா இருக்கும் அந்தலூசியா மாநிலத்தில் 2005 இல் பன்மொழித் திட்டம் ஒன்று தொடங்கியபின் அரசுப் பள்ளிகள் பலவற்றில் சில பாடங்கள் ஆங்கிலத்தில் நடக்கின்றன. இன்று போன வகுப்பின் சுவர் முழுக்கச் சிறு சிறு அட்டைகள். எல்லாம் வாக்கியத்தின் தொடக்கங்கள்: ‘நான் இதை ஏற்கவில்லை, ஏனென்றால்...’, ‘இது உண்மையென்றால்...’, ‘எப்படித் தெரியும் என்றால்...’. கணிதச் சொற்களுக்கு அட்டை கிடையாது. ஏன் என்று இங்குள்ள கணித ஆசிரியையிடம் கேட்டேன். முக்கோணம், கோணம் எல்லாம் பிள்ளைகள் தாமாகவே பிடித்துக்கொள்வார்கள், வாதாடத்தான் வாய் வராது என்றார். இருபது வருஷம் வகுப்பில் நின்றவரின் பேச்சு. எனக்கு அப்படியே பொருந்தியது. பெயர்ச்சொல் பட்டியலை மனப்பாடம் செய்யவைத்துவிட்டு ‘ஆங்கிலத்தில் கணிதம்’ என்று சொல்லிக்கொள்பவர்கள் இந்தச் சுவரைப் பார்க்க வேண்டும்.

இரண்டு நாட்டுப் பிள்ளைகளையும் கலந்து நாலு பேர் குழுக்களாக உட்காரவைத்தோம். முதல் வேலை, சுற்றளவு சுமார் எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே மதிப்பிடுவது. இரண்டு ஊரின் அட்சரேகைகளுக்கும் இடையே வடக்கு தெற்காக 1,760 கிலோமீட்டர், கோண வித்தியாசம் ஏறக்குறைய 16 பாகை. 1,760 ஐ 16 ஆல் வகுக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஒரு குழுவில் போலந்துப் பையன் வகுபடும் எண்ணை எழுதி, தலைக்குமேல் கோடு போட்டு, ஈவை அந்தக் கோட்டின் மேல் எழுதினான். எதிரில் இருந்த ஸ்பெயின் பெண் (நீளச் சடை போட்டிருந்தாள்) வகுக்கும் எண்ணை வலது பக்கம் ஒரு மூலைக் கட்டத்துக்குள் வைத்து, ஈவை அதன் அடியில் எழுதினாள். கழித்தலை எழுதவே இல்லை, மனதுக்குள்ளேயே கழித்து மீதியை மட்டும் போட்டாள். பையன் குழம்பிப்போய் அவள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவள் வரி வரியாகச் சொல்ல ஆரம்பித்தாள். ‘பதினாறு, பதினேழுக்குள் ஒரு தடவை போகும், மீதி ஒன்று. ஆறை இறக்கு.’ தப்பும் தவறுமான ஆங்கிலம்தான். ஆனால் வகுத்தல் ஏன் வேலை செய்கிறது என்பதை அவள் இதுவரை யாருக்கும் சொல்ல வேண்டி வந்திருக்காது. அவள் வகுப்பில் எல்லாரும் அதே மாதிரிதானே எழுதுகிறார்கள். நம்மூரில் வகுக்கும் எண் இடது பக்கம் வரும் என்று நான் மூன்றாவது வடிவத்தைப் பலகையில் எழுதிக்காட்டினேன். மூன்றிலும் விடை 110. அதை 360 ஆல் பெருக்கினால் 39,600. மதிப்பீடு தயார்.

அட்டவணையில் வேறொரு சிக்கல். போலந்திலும் ஸ்பெயினிலும் தசமத்துக்குக் காற்புள்ளி போடுவார்கள். ஆங்கிலப் பாடப்புத்தகத்திலும் கணிப்பானிலும் புள்ளி. இணையத்தில் பொதுவாக வைத்திருந்த அட்டவணையில் பாதிப் பேர் காற்புள்ளியும் பாதிப் பேர் புள்ளியும் போட, சராசரி கண்டுபிடிக்கவே முடியவில்லை. சைன் விகிதத்துக்கு ஸ்பெயினில் எழுதும் மூன்றெழுத்தும் ஆங்கிலத்தின் மூன்றெழுத்தும் வேறு. பிள்ளைகளே உட்கார்ந்து ஒரு பக்கத்துக்கு உடன்படிக்கை எழுதினார்கள்: புள்ளி, ஓர் இலக்கம், சென்டிமீட்டர், நேரத்தை 24 மணி முறையில் எழுதுவது. அதைப் போய் டோருன் வகுப்புக்கு அனுப்பினார்கள். ஆய்வகங்களில் பெரியவர்கள் செய்கிற வேலைதான் இது.

மார்ச் 19, செவ்வாய்

அல்ஹம்ப்ரா, கிரனாடாவின் பழைய கோட்டை அரண்மனை. உள்ளே நஸ்ரி அரண்மனைகளுக்குள் போக நேரம் குறித்த சீட்டு வேண்டும். எங்களுடையது காலை முதல் வேளை.

1238 இல் ஆட்சிக்கு வந்த நஸ்ரி சுல்தான்கள் 1492 வரை இங்கே இருந்தார்கள். அரண்மனையைப் பற்றி எழுதினால் நிற்காது, அதனால் சுவரின் அடிப்பாகத்தை மட்டும் எழுதுகிறேன். இடுப்பு உயரம்வரை மெருகேற்றிய ஓட்டுத் துண்டுகள். எஷர் என்ற ஓவியர் 1922 இலும் 1936 இலும் இங்கே வந்து இவற்றைப் பார்த்து வரைந்துகொண்டு போனார். அவருடைய ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் பறவைகளுக்கும் மீன்களுக்கும் இந்தச் சுவர்கள் பெரிய தூண்டுதல். தளத்தை இடைவெளி இல்லாமல் திரும்பத் திரும்ப நிரப்பும் கோலங்கள் சமச்சீரின்படி 17 வகைதான் என்று ஃபெடரோவ் 1891 இலும், அதை அறியாமல் போல்யா 1924 இலும் நிறுவினார்கள். அந்தப் பதினேழும் அல்ஹம்ப்ராவில் இருக்கிறதா என்று கணிதர்கள் இன்னும் வாதாடுகிறார்கள்.

பிள்ளைகளுக்குக் கொடுத்த வேலை சின்னது. எலும்பு மாதிரி இருக்கும் ஒரு ஓட்டு வடிவத்தை நோட்டில் வரைந்துகொள்ள வேண்டும். பள்ளிக்குத் திரும்பியதும் டோருனில் இருக்கும் கூட்டாளியைக் குரல் அழைப்பில் கூப்பிட்டு, படம் காட்டாமல் வார்த்தையாலேயே வரையவைக்க வேண்டும்.

முதல் முயற்சியில் எல்லாரும் ‘எலும்பு மாதிரி’ என்றார்கள். டோருனிலிருந்து நாய்க்குப் போடும் எலும்புகள் வந்து சேர்ந்தன, இரண்டு முனையிலும் உருண்டையோடு. ‘எலும்பு என்று சொல்லக் கூடாது’ என்று பிள்ளைகளே விதி மாற்றினார்கள். அப்புறம்தான் வடிவத்தை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

அது எப்படி உருவானது என்றால்: 4 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரம் ஒன்று. இடது பக்கத்தையே நீண்ட இணைபக்கமாக வைத்து, குட்டை இணைபக்கம் 2, உயரம் 1 உள்ள சரிவகத்தை உள்ளே வெட்டி எடு. வலது பக்கமும் அப்படியே. வெட்டிய இரண்டையும் மேலே ஒன்று, கீழே ஒன்று ஒட்டு. இடுப்பு ஒடுங்கி, தலையும் காலும் நீண்டு, எலும்பு வந்துவிடும். பரப்பளவு 16 இலிருந்து ஆறு போய் ஆறு வந்து அதே 16.

இதைப் பாடமாக நான் நடத்தவில்லை. போலந்துப் பையன் ஒருவன் தொலைபேசியில் தன் வகுப்புத் தோழனிடம் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தான். இரண்டு பேருக்கும் தாய்மொழி ஒன்று, சட்டென்று போலிஷுக்கு மாறியிருக்கலாம். ஆனால் பக்கத்தில் காது கொடுத்துக்கொண்டிருந்த ஸ்பெயின் பெண்தான் நோட்டில் அளவு எழுதியவள். அவளுக்குப் புரியாமல் பேசினால் அளவு கிடைக்காது. அதனால் ஆங்கிலம். நான் ‘ஆங்கிலத்தில் பேசு’ என்று இன்று முழுக்க ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

சாயங்காலம் பள்ளி முற்றத்தில் கம்பு நிறுத்தி ஒத்திகை. குண்டுநூல் தொங்கவிட்டுச் செங்குத்து பார்த்தார்கள், நீர்மட்டம் வைத்துத் தரை பார்த்தார்கள். டோருனில் நாளைக்கு மேகம் என்கிறது வானிலை அறிக்கை.

மார்ச் 20, புதன்

முதலில் நேரத்தைப் பற்றி. இரண்டு ஊரிலும் கடிகாரம் ஒரே மணியைக் காட்டும். ஆனால் டோருன் கிழக்கே 18.6 பாகை தீர்க்கரேகையில் இருக்கிறது, கிரனாடா மேற்கே 3.6 இல். வித்தியாசம் 22.2 பாகை, பாகைக்கு நாலு நிமிஷம், ஆக 89 நிமிஷம். டோருனில் சூரியன் உச்சிக்கு வருவது இன்று 11:53 க்கு. கிரனாடாவில் 13:22 க்கு. ஸ்பெயின் தன் கடிகாரத்தை 1940 இல் மத்திய ஐரோப்பிய நேரத்துக்குத் தள்ளிவைத்ததுதான் காரணம். இங்கே மதியச் சாப்பாடு இரண்டரை மணிக்கு என்று எங்கள் பிள்ளைகள் இரண்டு நாளாகப் பசியில் முனகிக்கொண்டிருந்தார்கள். சூரியனைக் கேட்டால் அது ஒரு மணிச் சாப்பாடுதான் என்று இன்று கணக்குப் போட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

டோருனில் 11:20 லிருந்து நிழலின் நுனியைச் சில நிமிஷத்துக்கு ஒருமுறை முற்றத்தில் சாக்பீஸால் குறித்து வந்தார்கள். நாங்கள் வகுப்பில் திரையில் பார்த்துக்கொண்டிருந்தோம். 11:46 க்கு மேகம் வந்தது. 11:53 போனது. 11:58 க்குத்தான் வெயில் திரும்பியது. அதன்பின் பன்னிரண்டரை வரை குறித்தார்கள். நண்பகல் புள்ளி மட்டும் இல்லை. அந்தப் பக்கம் திரையில் முகங்கள் வாடிப்போயின. ஒரு பையன் கேமராவை விட்டுத் தள்ளிப் போய்விட்டான். ‘பக்கத்தில் இருக்கும் புள்ளியையே எடுத்துக்கொள்ளலாமா’ என்று அங்கிருந்து ஒரு பெண் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. வேண்டுமென்றே சொல்லவில்லை. எனக்கு விடை தெரியும். ஆனால் ஒன்றரை மணி நேரத்தில் கிரனாடா முற்றத்தில் அந்த விடை தானாக வரும் என்பதும் தெரியும்.

13:00 மணிக்கு இங்கே வேலை ஆரம்பம். வானம் துடைத்துவிட்ட மாதிரி நீலம். தரையில் பெரிய தாளை ஒட்டி, கம்பின் அடியைக் குறித்து, இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை நுனியில் பென்சில் புள்ளி. நிழல் நுனி கூர்மையாக இருக்காது, ஓரம் கலங்கலாகத்தான் விழும். எந்த இடத்தை நுனி என்று கொள்வது என்று ஒரு சண்டை வந்து, ஒரே ஆள்தான் கடைசிவரை புள்ளி வைக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அந்த வேலை வகுப்பில் வாயே திறக்காத ஒரு ஸ்பெயின் பையனுக்குப் போனது. முழங்காலில் உட்கார்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தான்.

அளவுகளில் பெரிய மாற்றமே தெரியவில்லை. 13:10 க்கு 75.8 சென்டிமீட்டர். 13:16 க்கு 75.6. அதன்பின் 75.5, 75.5, 75.5. எது மிகக் குட்டை என்று கண்ணால் சொல்ல முடியாது. பிள்ளைகள் திணறினார்கள். அப்போதுதான் நீளச் சடைப் பெண் நீளங்களை விட்டுவிட்டுப் புள்ளிகளைப் பார்த்தாள். அளவுகோலை எடுத்து அவற்றின் மேல் வைத்தாள்.

எல்லாப் புள்ளியும் ஒரே நேர்கோட்டில் இருந்தன.

வளைவாக வரும் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். மற்ற நாளில் வளைவாகத்தான் வரும். சம இரவுபகல் நாளில் மட்டும் நிழல் நுனி மேற்கிலிருந்து கிழக்காக நேர்கோட்டில் நகரும். இதை நான் முன்கூட்டிச் சொல்லவில்லை. தாளைச் சுற்றிப் பத்துத் தலைகள். ‘ஏன் நேராக இருக்கிறது?’ ‘கோடு என்றால் குட்டைத் தூரம் எது?’ ‘செங்குத்து!’ என்று ஒரு போலந்துப் பையன் கத்தினான். கம்பின் அடியிலிருந்து அந்தக் கோட்டுக்குச் செங்குத்து இறக்கினால் அதுதான் நண்பகல் நிழல். ஒரு புள்ளியிலிருந்து கோட்டுக்கு மிகக் குறைந்த தூரம் செங்குத்துத் தூரம் என்று எட்டாம் வகுப்பிலேயே படித்தது. இறக்கினார்கள். 75.5.

அப்புறம் நடந்ததைத்தான் எழுத வேண்டும் என்று ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்திருக்கிறேன். சடைப்பெண் தாளைப் பார்த்தாள், நிமிர்ந்தாள், ‘டீச்சர், டோருனைக் கூப்பிடுங்கள்’ என்றாள். அவர்கள் வகுப்பு முடிந்து பையைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். ‘போகாதீர்கள். உங்கள் சாக்பீஸ் புள்ளி இருக்கிறதா? அழித்துவிட்டீர்களா?’ அழிக்கவில்லை. ‘நடுவில் புள்ளி இல்லாவிட்டால் பரவாயில்லை. முன்னால் உள்ளதையும் பின்னால் உள்ளதையும் சேர்த்துக் கோடு போடுங்கள். நேராக வரும். நான் பார்த்தேன், இங்கே நேராக வந்தது. அப்புறம் கம்பிலிருந்து செங்குத்து.’ அவளுடைய ஆங்கிலத்தில் காலம் எல்லாம் நிகழ்காலம், சுட்டுச் சொற்கள் பாதி இல்லை. யாருக்கும் அது தடையாக இல்லை. அந்தப் பக்கம் ஒரு பெண், ‘எவ்வளவு தூரத்தில் உள்ள புள்ளிகளை எடுக்கலாம்? ஓரத்துப் புள்ளிகளை நம்பலாமா?’ என்று கேட்டாள். நல்ல கேள்வி. தூரப் புள்ளிகளை எடுத்தால்தான் கோடு ஆடாது என்று இங்கிருந்து பதில் போனது.

சணல் கயிற்றை இழுத்துப் பிடித்துக் கோடு போட்டார்கள். கயிறு புள்ளிகளின்மேல் படிந்தது. மூலைமட்டம் வைத்துச் செங்குத்து இறக்கி அளந்தார்கள். 132.5 சென்டிமீட்டர்.

கேமராவை விட்டுப் போன பையன்தான் டேப்பின் முனையைப் பிடித்திருந்தான்.

மார்ச் 21, வியாழன்

இன்று கணக்கு நாள். நிழலை ஒரு மீட்டரால் வகுத்தால் டான்ஜென்ட். அதிலிருந்து சூரியன் உச்சியிலிருந்து சாய்ந்த கோணம். கிரனாடாவில் 0.755, கோணம் 37.05 பாகை. டோருனில் 1.325, கோணம் 52.96. வித்தியாசம் 15.91. 1,760 ஐ 360 ஆல் பெருக்கி 15.91 ஆல் வகுத்தால் 39,824 கிலோமீட்டர்.

துருவங்கள் வழியாகச் சுற்றினால் பூமி 40,008 கிலோமீட்டர். அரை சதவீதத்துக்கும் குறைவான பிசகு. கைதட்டலில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார்.

ஒரு குழுவுக்கு மட்டும் 55,437 வந்தது. அவர்கள் வரைபடத்தில் இரண்டு ஊரையும் நேராக இணைத்து 2,450 கிலோமீட்டர் என்று எடுத்திருந்தார்கள். எங்கே பிழை என்று நான் சொல்லவில்லை, அடுத்த குழுவிடம் அனுப்பினேன். பூகோள உருண்டையைக் கொண்டுவந்து, சாய்வாகப் போகும் தூரத்தில் கிழக்கு மேற்கும் கலந்திருக்கிறது, நிழலுக்குத் தெரிவது வடக்கு தெற்கு மட்டும்தான் என்று அவர்கள் விளக்கி முடிக்க இருபது நிமிஷம் ஆனது. நான் சொல்லியிருந்தால் இரண்டு நிமிஷம். அந்த இருபது நிமிஷத்துக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்.

அதைவிட நல்ல கேள்வி, புள்ளி வைத்த அந்த மௌனப் பையனிடமிருந்து வந்தது. ஸ்பானிஷில்தான் கேட்டான், பக்கத்துப் பெண் ஆங்கிலத்தில் சொன்னாள். ‘1,760 ஐ வரைபடத்திலிருந்து எடுத்தோம். வரைபடம் வரைந்தவருக்குப் பூமியின் அளவு ஏற்கெனவே தெரியும். அப்படியானால் நாம் என்ன கண்டுபிடித்தோம்?’ வகுப்பே அமைதியாகிவிட்டது. எரட்டோஸ்தனிசுக்கு அந்தத் தூரம் நிலத்தில் அளந்து வந்தது, நமக்கு அந்த வசதி இல்லை. நாம் செய்தது சரிபார்ப்பு. அதை அறிக்கையில் அப்படியே எழுத வேண்டும் என்று முடிவானது. பிழையைப் பற்றியும் ஒரு பத்தி: கிரனாடா நிழலில் அரை சென்டிமீட்டர் தப்பினால் சுற்றளவு 450 கிலோமீட்டருக்குமேல் மாறிவிடும்.

அந்தப் பையன் ஸ்பானிஷில் கேட்டதைப் பற்றி மதியம் ஆசிரியர் அறையில் பேச்சு வந்தது. இருமொழிப் பள்ளிகளைப் பற்றி ஸ்பெயினில் நீண்ட வாதம் நடக்கிறது. அயல்மொழியில் நடத்தினால் பாடம் நீர்த்துப்போகிறது, மொழி வராத பிள்ளை பாடத்தையும் இழக்கிறது என்பது ஒரு தரப்பு. அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது, நானே வாழ்ந்து பார்த்தது. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் வழியில் படித்து, கல்லூரியில் ஆங்கில வழிக் கணிதத்தில் சேர்ந்தேன். பலகையில் எழுதியதெல்லாம் புரிந்தது. பேசியது புரியவில்லை. கேள்வி கேட்க வாயில்லாமலேயே ஒரு வருஷம் ஓடியது. எவ்வளவு கேள்வி அப்படிக் கேட்காமலே போயிருக்கும். மலேசியாவில் 2003 இல் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் நடத்த உத்தரவு வந்தது, தமிழ்ப் பள்ளிகளிலும்தான். கிராமத்துப் பிள்ளைகள் பின்தங்குகிறார்கள் என்ற எதிர்ப்பு வலுத்து, 2009 இல் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள்.

என் நிலை இது. சிந்திக்கும் மொழி எதுவாகவும் இருக்கட்டும். அந்தப் பையன் ஸ்பானிஷில் கேட்காமல் இருந்திருந்தால் இந்த வாரத்தின் மிக நல்ல கேள்வியை இழந்திருப்போம். ஆங்கிலம் எங்கே வேண்டும் என்றால், உன் கணக்குக்கு வேண்டிய எண் இன்னொருவர் கையில் இருந்து, அவருக்கும் உனக்கும் வேறு பொதுமொழி இல்லாத இடத்தில். அங்கே பிள்ளை தானாகப் பேசும். மதிப்பெண் தாளில் மொழிக்கும் கணிதத்துக்கும் தனித்தனிக் கட்டம் வைத்திருக்கிறோம். வாக்கியப் பிழைக்காகக் கணிதத்தில் யாருக்கும் குறையாது. இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

சாயங்காலம் அல்பைசின் என்ற பழைய குடியிருப்பின் சந்துகளில் ஏறி இறங்கினோம். ஞாயிறு குருத்தோலை ஞாயிறு, ஊர் முழுக்கப் பவனிக்கான ஏற்பாடு. பிள்ளைகள் டோருன் இஞ்சி ரொட்டியைக் கொடுத்து, பியோனோனோ என்ற சிரப்பில் ஊறிய குட்டிக் கேக்கை வாங்கிக்கொண்டார்கள்.

மார்ச் 22, வெள்ளி

மாலகா விமான நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் அறிக்கையை முடித்தார்கள். ஆசிரியர் கை படாத அறிக்கை. டோருன் அளவுகளை கிரனாடாப் பிள்ளைகள் எழுதினார்கள், கிரனாடா அளவுகளை டோருன் பிள்ளைகள். தான் அளக்காததை எழுத வேண்டுமென்றால் அளந்தவரைக் கேட்டே ஆக வேண்டும். ‘மேகம் எத்தனை நிமிஷம் இருந்தது?’, ‘தாள் ஏன் நகர்ந்தது?’ என்று கேள்வியும் பதிலுமாகவே காலை போயிற்று. இந்த யோசனை இங்குள்ள ஆசிரியையுடையது. அடுத்த வருஷம் எல்லா வேலைக்கும் இதையே வைக்கப்போகிறேன். செப்டம்பர் சம இரவுபகல் நாளில் அவர்கள் டோருன் வருகிறார்கள்.

நாகர்கோவிலில் அரசுப் பள்ளியில் கணிதம் நடத்தும் என் தோழி நேற்று ராத்திரி தொலைபேசியில், ‘உங்களுக்கு எராஸ்மஸ் இருக்கு, எங்களுக்கு யாருடி இருக்கா?’ என்றாள். அவளுக்காக உட்கார்ந்து வரைபடம் பார்த்தேன். கன்னியாகுமரி 77.55 பாகை கிழக்குத் தீர்க்கரேகை. அதே கோட்டில் வடக்கே ஏறிக்கொண்டே போனால் லடாக்கின் லே, 77.58. கிட்டத்தட்ட ஒரே கோடு! எங்களுக்கு இருந்த 89 நிமிஷ வித்தியாசம் அவர்களுக்குக் கிடையாது. இரண்டு ஊரிலும் நண்பகல் ஒரே நிமிஷத்தில் வரும். அட்சரேகை வித்தியாசம் 26 பாகை, எங்களுடையதைவிடப் பத்து அதிகம், அதனால் பிசகும் குறையும். கன்னியாகுமரியில் ஒரு மீட்டர் கம்புக்கு நிழல் சுமார் 14 சென்டிமீட்டர்தான் விழும், லேயில் 68. குமரிப் பிள்ளைக்கும் லடாக் பிள்ளைக்கும் பொதுவாக உள்ள பாடமொழி ஆங்கிலம். கடவுச்சீட்டு வேண்டாம், நிதி வேண்டாம். இரண்டு கம்பு, குண்டுநூல், தொலைபேசி போதும். செப்டம்பர் 22 அன்று இந்திய நேரம் 12:12 க்கு நண்பகல். 11:45 லிருந்தே புள்ளி வைக்க ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறேன், நடுவில் மேகம் வந்தாலும் கோடு கிடைக்கும்.

லேயில் கணித ஆசிரியர் யாரையாவது தெரிந்தவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள். விமானத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.